பொஸ்டனிலிருந்து ஏழு கடிதங்கள்

— போகக்கூடாதெண்டால் என்ன அர்த்தம்? டிக்கெட் போட்டாச்சு. வெள்ளிக்கிழமை விடியக்காத்தாலை கட்டுநாயக்காவிலை பிளேன் ஏறுறாள்.

— அதைத்தான் சொல்லுறன், தங்கச்சி. இப்ப ஏற வேண்டாம். கொஞ்ச நாள் போகட்டும்.

— தங்கச்சி எண்டு சொல்லாதேங்கோ. என்ரை பேர் கலாவதி.

— சரி, கலாவதி. நீங்களும் என்னைப் பாலேந்திரன் அண்ணை எண்டு...

— பாலேந்திரன் எண்டே சொல்லுறன். அண்ணை வேண்டாம்.

— அதுவும் சரி... உந்தக் கோப்பியைக் குடியுங்கோ, ஆறுது.

— ஆறட்டும். சுவிஸின்ரை அந்தத் தொங்கலிலை, பொன்ட்ரெசினா மலையிலை கிடந்த நீங்கள் இந்தச் சோலோதுர்ன் ஸ்டேசனுக்கு வந்தது கோப்பி குடிக்கவோ? ரெலிபோனிலை ஒரே ஒரு கேள்விதான் கேட்டனான். சிவகலா பொஸ்டனிலை போய் இறங்கேக்கை, உங்கடை கூட்டாளி சந்திரகுமார் எயார்போட்டுக்கு வருவாரோ, மாட்டாரோ? ஓம், இல்லை... ரெண்டிலை ஒண்டு. நீங்கள் ஐயையோ எண்டு கத்திப்போட்டு, லீவும் எடுத்து, ரெயில் ஏறி வந்திட்டியள்.

— ரெலிபோனிலை கதைக்கிற விசயமோ இது? ஹோட்டல் ரெலிபோன். பின்னாலை செஃப் நிண்டு முழுசுறான்.

— இஞ்சை செஃப் இல்லை. சொல்லுங்கோ.

— ...பொஸ்டன் நல்ல இடமில்லை, கலாவதி.

— அப்பிடியோ?

— சத்தியமா. சிவகலாவைப் போல ஊரோடை வளந்த பிள்ளைக்கு அது சரிவராது. நீங்கள் அவவின்ரை பள்ளிக்கூடச் சிநேகிதி. நீங்கள் சொன்னால் கேப்பா.

— என்ன குறை பொஸ்டனுக்கு?

— குளிர்! எழுபத்தெட்டாம் ஆண்டு பெய்த பனியிலை, பெருந்தெருவிலை போன காரெல்லாம் அப்பிடியே புதைஞ்சு போச்சு. ஆயிரக்கணக்கிலை. சனம் காரை விட்டிட்டு நடந்தது...

— உங்கடை ஹோட்டல் வாசலிலை இப்ப எவ்வளவு பனி?

— ...இடுப்பளவு.

— அப்ப?

— அது வேறை பனி.

— பனியிலை என்ன வேறை பனி? இருங்கோ, என்ரை பையுக்குள்ளை கடிதம் இருக்கு. ஏழும் இருக்கு.

— கடிதமோ? ஆற்றை கடிதம்?

— மாப்பிள்ளை பொம்பிளைக்கு எழுதினது. பொஸ்டன் முத்திரை குத்தின ஏழு கடிதம்.

— அது... அது எப்பிடி உங்கடை கையிலை?

— சிநேகிதி எண்டு நீங்கள்தானே இப்ப சொன்னியள். வாசிச்சுப் பாத்து உன்ரை மனசிலை பட்டதைச் சொல்லடி எண்டு அனுப்பினவள். ஏன் வேர்க்குது உங்களுக்கு? இந்தாங்கோ, ரெண்டாவது கடிதம். உங்கடை பனி இதிலை வருது. "பனி கொட்டினால் இங்கே ஒரு வேடிக்கை. தன் காரை நிறுத்தும் இடத்தை ஒருவன் வழித்துத் துப்புரவாக்கினால், அந்த இடத்தில் ஒரு பழைய கதிரையை வைத்துவிட்டுப் போவான். அவன் திரும்பி வரும்வரை ஒருவரும் அதை அசைக்க மாட்டார்கள். இது பொஸ்டன் சனங்களுக்குள் எழுதாத சட்டம்." இதுவோ கூடாத ஊர்?

— கதிரையை அசைச்சால் காரை உடைச்சுப் போடுவினமாம். அதை நான் எழு... அதை அவர் எழுதாமல் விட்டிட்டார்.

— உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— எனக்கும் எழுதுவார்தானே. கூட்டாளி.

— ஓமோம்.

— பனியை விடுங்கோ. தேயிலை! தேயிலை ஆகாத ஊர் அது. ஆயிரத்தி எழுநூற்றி எழுபத்திமூண்டிலை, கப்பலிலை வந்த தேயிலையைக் கோடாலியாலை கொத்திக் கடலிலை கொட்டின சனம். முந்நூற்றி நாப்பத்திரண்டு பெட்டி! ஒரு நாளைக்கு நாலு தேத்தண்ணி குடிக்கிற பிள்ளை அங்கை போய் என்ன பாடு படப்போகுது?

— சிவகலா நாலு தேத்தண்ணி குடிக்கிறவள் எண்டு ஆர் சொன்னது?

— அவ எழுதினவவாம்.

— பொம்பிளை எழுதுற கடிதத்தைக் கூட்டாளிக்கு வாசிச்சுக் காட்டுறவரோ உங்கடை சந்திரகுமார்?

— சீச்சீ... தேத்தண்ணி மட்டிலைதான்.

— மூண்டாவது கடிதம். கேளுங்கோ. "அரசன் போட்ட வரிக்கு எதிராகத் தேயிலையைக் கடலில் கொட்டிய அதே ஊரில், இன்று ஒரு கடை வாசலில் பெரிய கேத்தல் ஒன்று தொங்குகிறது. அதன் மூக்கால் நாள் முழுக்க ஆவி போகிறது. முன்னொரு காலம் அதற்குள் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று ஊருக்கே போட்டி வைத்தார்களாம். அளக்கும் நாளில், அதற்குள்ளே இருந்து எட்டுப் பொடியன்களும் ஒரு நெட்டை மனிதனும் இறங்கி வந்தார்களாம். நீங்கள் வந்ததும் முதலில் அதன் கீழே போய் நிற்போம்."

— அந்தக் கடைசி வரி... அவ வாசிச்சவவோ?

— வாசிச்சவளோ? இந்தக் கடைசி வரியை அவள் எத்தினை தரம் வாசிச்சவள் தெரியுமோ?

— எத்தினை தரம்?

— அது உங்களுக்கென்னத்துக்கு? நீங்கள் கூட்டாளி.

— சும்மா கேட்டனான்... கலாவதி, உங்களுக்குப் பாணி தெரியுமோ? பனங்கட்டி காய்ச்சேக்கை வாற மாதிரி?

— ஐயோ, இனிப் பாணியோ?

— பகிடி இல்லை! ஆயிரத்தித் தொளாயிரத்திப் பத்தொன்பதாம் ஆண்டு தை மாதம், பொஸ்டன் கடற்கரையிலை கரும்புப்பாணித் தாங்கி ஒண்டு வெடிச்சு, வீட்டுக்கூரை உயரத்துக்குப் பாணி வந்து, இருபத்தொரு பேரை அள்ளிக்கொண்டு போனது. ஓடவும் ஏலாது, நீந்தவும் ஏலாது. குதிரையள் நிண்ட நிலையிலை...

— அஞ்சாவது கடிதம். "வெயில் காலத்தில் இன்றும் அந்தத் தெருவில் இனிப்பு மணக்கிறது என்று சொல்கிறார்கள்." அறுபத்தேழு வருசத்துக்கு முதல் நடந்ததுக்கு வெள்ளிக்கிழமைப் பிளேனை நிப்பாட்டச் சொல்லுறியளோ?

— இன்னொரு தாங்கி வெடிக்காதெண்டு ஆர் கண்டது?

— பாலேந்திரன்! வெக்கமாயில்லையோ உங்களுக்கு?

— ...இருக்கு.

— ஏழு கடிதத்தையும் நான் கரைச்சுக் குடிச்சிருக்கிறன். முதலாவதிலை பூங்காக் குளத்திலை அன்னம் மாதிரிப் படகு. நாலாவதிலை சட்டசபைக்குள்ளை தொங்குற மரமீன்...

— முப்பத்திமூண்டிலை மாணவர்மார் அதைக் களவெடுத்தது! பொலிஸ் ஆத்துக்குள்ளையும் இறங்கித் துழாவினது! அந்த இடம் நல்லா வந்திருக்கு, என்ன?

— ஆருக்கு நல்லா வந்திருக்கு?

— ...அவருக்கு.

— ம். மாடு நடந்த பாதையெல்லாம் தெருவாய்ப் போச்சாம், அதுதான் பொஸ்டன் தெருவெல்லாம் கோணலாம். உயரக் கட்டிடத்து உச்சியிலை ஒரு விளக்காம், நீலம் எரிஞ்சால் வெயில், சிவப்பு எரிஞ்சால் மழையாம். எல்லாம் இருக்கு. இனி நான் ஒண்டு கேக்கிறன். நீங்கள் இஞ்சையிருந்து அம்மாவுக்கு எழுதினால் என்ன எழுதுவியள்?

— என்னத்தை எழுதுறது... சுகம். குளிர். இறைச்சி விலை. கால் வீங்கியிருக்கு எண்டு எழுதமாட்டன், யோசிப்பா. சோறு திண்டு எத்தினை நாள் எண்டு எழுதுவன்.

— அதுதான்! இந்த ஏழு கடிதத்திலை ஒரு சோத்துப் பருக்கை இருக்கோ? பக்கத்து அறையிலை ஆர் இருக்கினம், காலமை எத்தினை மணிக்கு எழும்புறார், முதலாளி நல்லவனோ கெட்டவனோ... ஒண்டுமில்லை. இருக்கிற ஊரின்ரை சரித்திரம் எங்களிலை ஆருக்குத் தெரியும்? இந்தச் சோலோதுர்ன் சனத்துக்குப் பதினொண்டு எண்டால் உயிராம். பதினொரு கோயிலாம், பதினொரு நீரூற்றாம். நான் வேலை செய்யிற முதியோர் இல்லத்திலை ஒரு மனுசி சொல்லித்தான் எனக்கே தெரியும். ஒரு நாளாவது எண்ணிப் பாத்தனானோ? பஸ்ஸைப் பிடிக்கவே நேரம் காணாது. அங்கை இருக்கிற மனுசன் இப்பிடி எழுதமாட்டார், பாலேந்திரன். அங்கை போகாதவர்தான் இப்பிடிப் பாடமாக்குவார்.

— அவர் வாசிக்கிற ஆள்... பள்ளிக்கூடத்திலையும் சரித்திரத்திலை அவருக்குத்தான் கூடப் புள்ளி.

— சரித்திரத்திலை பாஸ். ஆறாவது கடிதத்திலை பெயில்.

— ஆறாவதிலை என்ன?

— வாசிக்கிறன். "இன்று அதிகம் எழுத நேரமில்லை. எனக்கு உடுப்புத் தோய்க்கும் நாள் மூன்று கிழமைக்கு ஒருமுறைதான் வரும். ஏழு மணிக்குள் தோய்க்கும் அறையைத் துடைத்து, திறப்பை ஆணியில் கொழுவாவிட்டால் வீட்டைப் பார்க்கிற பொம்பிளை சத்தம் போடுவா. ஞாயிற்றுக்கிழமையில் தோய்க்கவும் விடமாட்டார்கள்."

— அந்தச் சீனியை ஒருக்கால் இஞ்சாலை தள்ளுங்கோ.

— கோப்பி குடியுங்கோ, ஆறுது.

— அதிலை... அதிலை என்ன பிழை? எல்லா நாட்டிலையும்...

— எல்லா நாட்டிலையுமோ? எங்கடை கட்டிடத்திலை நிலத்துக்குக் கீழை ஒரு அறை. கதவிலை ஒரு அட்டை. ஆருக்கு எந்த நாள் எண்டு பேர் எழுதிக் கிடக்கு. எனக்கு மூண்டாம் கிழமை வியாழன். வந்த புதிசிலை தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெண்டு சட்டை தோய்ச்சிட்டன். மேல் வீட்டு மனுசி வந்து நிண்ட நிலை... நான் ஆரையோ கொலை செய்திட்டன் எண்டு நினைச்சன். உங்கடை கட்டிடத்திலை உங்களுக்கு என்ன நாள்?

— ...செவ்வாய்.

— பொஸ்டனிலை?

— வீட்டுக்காரி சுவிஸ்காரியாய் இருக்கலாம்.

— பொஸ்டனிலை!

— இருக்கக்கூடாதோ?

— நியூயோர்க்கிலை இருக்கிற என்ரை மச்சாளுக்கு எழுதிக் கேட்டனான். தோய்க்கிறதுக்கு நாள் குறிக்கிறதோ, ஆரடி உனக்கு இந்த விசர்க்கதை சொன்னது எண்டு மறுமொழி போட்டிருக்கிறாள். அங்கை கடை மாதிரி ஒரு இடத்திலை மிசின் நிக்குதாம். நினைச்ச நேரம் போடலாமாம். ஞாயிற்றுக்கிழமைதான் கூடச் சனமாம். இந்தத் திறப்புக்கும் ஆணிக்கும் பயப்பிடுற சனம் இந்த நாட்டிலைதான் இருக்கு. பாலேந்திரன், மரமீனையும் பாணியையும் ஒருபக்கம் வைச்சிட்டு, ஏன் சிவகலா போகக்கூடாதெண்டு நேரை சொல்லுங்கோ. அஞ்சு மணிக்கு அவள் கொழும்பு லொட்ஜிலை ரெலிபோனுக்குப் பக்கத்திலை நிப்பாள். நான் முன்னாலை இருக்கிற போஸ்ட் ஒபிசிலை இருந்து எடுக்கவேணும். நீங்கள் சொல்லாட்டில், வெளிக்கிடடி எண்டுதான் சொல்லப்போறன்.

— சொல்லாதேங்கோ! கலாவதி, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்.

— ஏன்?

— அந்த விலாசத்திலை ஒருத்தருமில்லை.

— ஒருத்தருமில்லையோ?

— யேசுதாசன் எண்டு ஒருவர் அங்கை படிச்சுக்கொண்டிருந்தவர். எங்கடை ஊர்தான். கடிதத்தை எழுதி அவருக்கு அனுப்ப, அவர் அங்கத்தை முத்திரை ஒட்டி ஊருக்குப் போடுவார். சிவகலாவின்ரை மறுமொழி வந்தால் திருப்பி அனுப்புவார். போன மாதம் படிப்பு முடிஞ்சு டெக்ஸாஸுக்குப் போயிட்டார். இப்ப போய் இறங்கினால் பூட்டின கதவுதான். அந்தக் குளிரிலை... ஒரு மனிசரைத் தெரியாத ஊரிலை... எங்கை போய் நிப்பா?

— அப்ப சந்திரகுமார் பொஸ்டனிலை இல்லை.

— இல்லை.

— முந்தி இருந்தவரோ?

— ஒரு நாளும் இல்லை.

— எங்கை இருக்கிறார்?

— பொன்ட்ரெசினாவிலை. என்ரை ஹோட்டலிலை. நிலத்துக்குக் கீழை, சட்டி மினுக்கிற இடத்திலை.

— ...கடைசியிலை வாய் திறந்திட்டியள். ஏன் இந்தப் பொய்?

— பொய் எண்டு தொடங்கேல்லை. ஏஜென்ட் பொஸ்டனுக்கு எண்டுதான் கூட்டிக்கொண்டு வந்தவன். இத்தாலியிலை இறக்கி, காட்டுக்காலை நடத்தி, சூரிச்சிலை இருந்து பிளேன் எண்டவன். சூரிச் ஸ்டேசனிலை ரெண்டு மணித்தியாலம் நில்லுங்கோ, வாறன் எண்டிட்டுப் போனவன்தான். மூண்டு வருசமாச்சு.

— இன்னும் வரேல்லையாக்கும்.

— சிரியுங்கோ, சிரிக்கிற கதைதான். அதுக்கிடையிலை அவற்றை அம்மா ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டா, மகன் பொஸ்டனுக்குப் போயிட்டான் எண்டு. கோயில் ஐயர்கூட பொஸ்டன் தம்பியின்ரை பேரிலை அர்ச்சனை எண்டுதான் சொல்லுறவராம். இனி எப்பிடி எழுதுறது, அம்மா, நான் வேறை ஒரு நாட்டிலை கோப்பை கழுவுறன் எண்டு?

— அம்மாவுக்குச் சொன்ன பொய் விளங்குது. சிவகலாவுக்கு?

— முதல் கடிதத்திலை உண்மையைத்தான் எழுத இருந்தவர். கை வரேல்லை. யேசுதாசன் அனுப்பின ஊர்ப் புத்தகத்தைப் பாத்து, அன்னப் படகைப் பற்றி எழுதிப்போட்டார். அவ மறுமொழி போட்டா. அந்தப் படகிலை நனையாமல் ஏறலாமோ, இன்னும் எழுதுங்கோ எண்டு. அதோடை போச்சு. அவ கேக்கக் கேக்க எழுதத்தான் சொல்லுது. அவவின்ரை முகம்கூடத் தெரியாது. பொம்பிளைப் பிள்ளையின்ரை படத்தைத் தபாலிலை போடமாட்டம் எண்டு தாய் மனுசி சொல்லிப்போட்டா. ஆனா கடிதம் வாற நாளிலை ஆளைப் பாக்கவேணும். கரிச்சட்டியைக் கண்ணாடி மாதிரி மினுக்கி வைச்சிடுவார், செஃப் பயந்து போவான்.

— ...அப்பிடியோ.

— அவ எழுதுறதும் அப்பிடித்தான். போன ஆவணியிலை தேர் இழுத்த கதை ஒண்டு எழுதியிருந்தா. அந்த மணல் சூடும், வடம் பிடிக்க ஆக்கள் அடிபட்டதும்... வாசிச்சிட்டு விக்கி விக்கி அழுதவர்.

— போன ஆவணியிலையோ? அந்த முறை ஷெல்லடியிலை தேர் எங்கை வெளிக்கிட்டது...

— என்ன சொல்லுறியள்?

— ஒண்டுமில்லை. நான் வேறை வருசத்தை நினைச்சிட்டன். பாலேந்திரன், இன்னொண்டு கேக்கவேணும். சம்பந்தம் பேசேக்கை அவற்றை அம்மா ஒரு கதை சொன்னவவாமே.

— என்ன கதை?

— வீட்டோடை இருக்கிற பிள்ளைதான் வேணும், ஏஜென்டோடை ஆம்பிளையளுக்கை தனிய வெளிக்கிட்டுத் திரிஞ்ச பிள்ளையள் எங்களுக்கு வேண்டாம் எண்டு. சொன்னவவோ, இல்லையோ?

— ...சொன்னவ.

— மகன் அதுக்கு என்ன சொன்னவர்?

— ஒண்டும் சொல்லேல்லை.

— ஏன், வாயில்லையோ? கேத்தலுக்கும் மரமீனுக்கும் அவ்வளவு வாய் இருந்தது!

— உள்ளுக்கை பொய்யை வைச்சுக்கொண்டு இருக்கிறவனுக்குத் தாயோடை சண்டை பிடிக்க எங்காலை துணிவு வரும்?

— அப்ப கேளுங்கோ. நானும் தனிய வந்தவள்தான். பேர்லினுக்காலை. ஒரு வானுக்கை பதினாலு ஆம்பிளையளும் நானும். ரெண்டு நாள். தண்ணி குடிக்கப் பயம், இறங்கவேண்டி வருமெண்டு. அந்தப் பதினாலு பேரிலை ஒருத்தராவது எனக்கு ஒரு பிழையான சொல்லுச் சொல்லேல்லை. ஒருவர் தன்ரை ஜம்பரைக் கழட்டித் தந்திட்டு நடுங்கிக்கொண்டு இருந்தவர். ஆனா ஊரிலை அதை எப்பிடிக் கதைப்பினம் எண்டு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். என்னைப் போல ஒருத்தியைப் பேசி வந்தால் உங்கடை கூட்டாளி என்ன சொல்லுவார்?

— அவரை ஏன் கேப்பான்? நான் சொல்லுறன்.

— சொல்லுங்கோ. யோசிச்சுச் சொல்லுங்கோ.

— யோசிக்க ஒண்டுமில்லை. இத்தாலிக் காட்டுக்காலை நடக்கேக்கை எங்களோடையும் ஒரு பிள்ளை வந்தவ. பேர்கூடக் கேக்கேல்லை. நல்ல மழை. ஒரு இடத்திலை நான் சேத்துக்கை குந்தியிருந்து அழத் தொடங்கிட்டன், இனி ஏலாது, விட்டிட்டுப் போங்கோ எண்டு. ஆம்பிளையள் எல்லாரும் போயிட்டினம். அந்தப் பிள்ளைதான் திரும்பி வந்து, என்ரை பையைத் தூக்கித் தன்ரை தோளிலை போட்டுக்கொண்டு, எழும்பி நடவுங்கோ அண்ணை எண்டவ. எழும்புமட்டும் போகேல்லை. அவ இல்லாட்டில் நான் இல்லை. அப்பிடி வந்த பிள்ளையளைக் குறை சொல்ல எனக்கென்ன தகுதி? அம்மா அந்தக் கதை சொன்ன அண்டைக்கே நான் இதை எழுதியிருக்கவேணும். எழுதாமல் விட்டது என்ரை பிழை.

— ஆற்றை அம்மா?

— என்ரை அம்... 

— பாலேந்திரன்ரை அம்மாவோ?

— இல்லை. சந்திரகுமாரின்ரை அம்மா. என்ரை அம்மா. நான்தான் சந்திரகுமார்.

— தெரியும்.

— தெரியுமோ!

— நீங்கள் ரெயிலாலை இறங்கேக்கையே தெரியும். ஊருக்கு அனுப்பின படத்திலை கறுப்புக் கண்ணாடி போட்டியள், பெரிய மீசை வைச்சியள், ஆற்றையோ காரிலை சாஞ்சுகொண்டு நிண்டியள். அந்த ரெண்டு காதையும் எங்கை கொண்டுபோய் ஒளிக்கிறது?

— அப்ப இவ்வளவு நேரமும்... பாணி, பனி எண்டு நான் புலம்பினதெல்லாம்...

— வடிவாக் கேட்டுக்கொண்டிருந்தனான். உங்கடை வாயாலை வரவேணும் எண்டு இருந்தனான். அப்ப பாலேந்திரன் ஆர்?

— உண்மையிலை அப்பிடி ஒருவர் இருக்கிறார். என்ரை அறையிலைதான். பொன்ட்ரெசினா ஹோட்டலிலை ஒரு கூட்டாளி எண்டு கடிதத்திலை எழுதினது அவரைத்தான். நீங்கள் அவரைக் கேட்டு ரெலிபோன் எடுக்க, சிவகலா, பொஸ்டன் எண்ட ரெண்டு சொல்லோடை என்ரை கையிலை தந்திட்டு ஓடிட்டார்.

— நல்ல கூட்டாளி.

— கலாவதி, இப்ப அதை விடுங்கோ. மணி நாலே முக்கால். எழும்புங்கோ.

— எங்கை?

— போஸ்ட் ஒபிசுக்கு! நானே கதைக்கிறன் அவவோடை. நான் பொஸ்டனைக் கண்ணாலையும் காணேல்லை, சட்டி மினுக்கிறவன், ஏழு கடிதமும் பொய் எண்டு நானே சொல்லுறன். மூஞ்சியிலை காறித் துப்பட்டும். வேண்டாமெண்டால் வேண்டாமெண்டு சொல்லட்டும். அம்மாவுக்கும் இண்டைக்கே எழுதிறன். சிவகலா அந்தப் பிளேனிலை மட்டும் ஏறக்கூடாது. வாங்கோ, சில்லறை இருக்கோ உங்களிட்டை?

— இருங்கோ.

— என்ன இருங்கோ? அந்தப் பிள்ளை ரெலிபோனடியிலை நிக்கும்!

— ஒருத்தரும் நிக்கேல்லை. டிக்கெட்டும் இல்லை, பிளேனும் இல்லை.

— ...என்ன?

— வெருட்டினனான். கடிதத்திலை நேரை கேட்டிருந்தால், எட்டாவது கடிதத்திலை இன்னொரு மீன் வந்திருக்கும். ஆளை வெளியிலை எடுக்க எனக்கு வேறை வழி தெரியேல்லை.

— கடவுளே... உங்களுக்கு இரக்கமே இல்லையோ? அப்ப சிவகலா ஒரு இடமும் வெளிக்கிடேல்லை? சுகமா வீட்டிலை இருக்கிறா?

— சுகமா இருக்கிறாள். வீட்டிலை இல்லை.

— பின்னை எங்கை?

— உங்களுக்கு முன்னாலை. நான்தான் சிவகலா. பத்து மாசமா இந்த ஊரிலைதான் இருக்கிறன். உங்கடை அம்மாவின்ரை கதைக்குப் பயந்து, நானும் ஊரிலை இருக்கிற மாதிரி எழுதி, என்ரை அம்மாவைக் கொண்டு அங்கையிருந்து போடுவிச்சனான். நாங்கள் ரெண்டு பேரும் ஒரு கடிதத்துக்கு மறுமொழி வாசிக்க மூண்டு மாசம் காவல் இருந்தனாங்கள். இண்டைக்கு நீங்கள் ரெயிலிலை வர அஞ்சு மணித்தியாலம்தான் எடுத்தது.